முதல் லோடு

பைன்ஹில் உயர்நிலைப் பள்ளியைப் பற்றி இன்றைக்கு யார் என்ன தெரிந்துகொள்ள வேண்டுமென்றாலும் லியோட்டிஸ் மேப்ரியின் மியூசியத்துக்குத்தான் வர வேண்டும். ஆனால் லியோட்டிஸ் மேப்ரி அந்தப் பள்ளியில் ஒரு நாள்கூடப் படித்தவர் இல்லை. ஏழாம் வகுப்போடு புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவோடு நிலக்கடலை ஆலைக்கு மூட்டை தூக்கப் போனவர். அங்கே படித்துப் பட்டம் வாங்கியவர்கள் என்று நாங்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்தோம். ஆசிரியர்கள், பாஸ்டர்கள், ஒரு பல் டாக்டர், தபால் இலாகாவில் நான். பள்ளியின் நினைவாக ஒரு பென்சிலையாவது பத்திரப்படுத்த வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர்க் குப்பை லாரி ஓட்டுகிறவருக்குத் தோன்றியது.

எங்கள் ஊர் டன்ஸ்பரி, ஜார்ஜியாவின் தெற்குக் கோடியில் இருக்கிறது. ஊரை ரயில்பாதை இரண்டாகப் பிரிக்கும். பாதைக்கு வடக்கே வெள்ளைக்காரர்கள், தெற்கே கறுப்பர்களான நாங்கள். லியோட்டிஸ் இரண்டு பக்கத்துக் குப்பையையும் எடுத்தார். வடக்கே அவரை 'ஏய் பையா' என்று கூப்பிட்டார்கள். தெற்கே, எங்கள் ஆட்கள், 'வாடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். லாரி தெருமுனை திரும்புவதற்கு முன்பே ஆள் வருவது தெரிந்துவிடும் என்பதால் வந்த பெயர். ஞாயிறு ஆராதனையின்போது கோயிலில் அவர் உட்காரும் பெஞ்சில் கடைசியாகத்தான் ஆள் நிறையும். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "காலை நீட்டிக்க வசதியா இருக்கு" என்பார்.

அவருக்கு ஐடெல் என்று ஒரு தங்கை. அண்ணன் மூட்டை தூக்கியதால் அவள் படித்தாள். பைன்ஹில்லில் ஐம்பத்தாறாம் வருடம் படிப்பை முடித்த வகுப்பு. பட்டம் வாங்கி, மேக்கனுக்கு நர்ஸ் படிப்புக்குப் போய், இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் நிமோனியாவில் இறந்துபோனாள். அதற்கு மூன்று வருடம் கழித்து மேப்ரி வீட்டில் அடுப்பு தீப்பிடித்து முன்பாதி எரிந்தது. அந்த வீட்டில் இருந்த எல்லாப் புகைப்படங்களும் முன்பாதியில்தான் மாட்டியிருந்தன.

கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது ஐம்பத்து நாலில். எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, அது காதில் விழப் பதினாறு வருடம் ஆனது. ஒரே பள்ளி என்றால் எந்தப் பள்ளி என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. எழுபதாம் வருடக் கோடையில் பைன்ஹில்லைப் பூட்டி, அதைப் பள்ளிப் பேருந்துகளின் டயர் போட்டுவைக்கும் கிடங்காக்க முடிவு செய்தார்கள். டயர் வைக்க இடம் வேண்டுமே. ஹாலில் இருந்த கோப்பைகள், பேண்டு வாத்தியங்கள், தாழ்வாரச் சுவரில் வருடவாரியாக மாட்டியிருந்த வகுப்புப் படங்கள், பதிவேடுகள் எல்லாவற்றையும் குப்பைமேட்டில் கொட்டிவிடச் சொல்லி நகரசபைக்கு உத்தரவு வந்தது. லாரி ஓட்டப் போனவர் லியோட்டிஸ்.

"எல்லாத்தையுமா சார்?" என்று கேட்டாராம்.

"எல்லாம்னா எல்லாம்தான். உனக்குப் பாடம் எடுக்கணுமா?" என்றாராம் கவுண்டி ஆள்.

அந்த லாரி குப்பைமேட்டுக்குப் போகாமல் மேப்ரி வீட்டுக் கொல்லைக்குப் போனது. ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். வெகுநாள் வரை எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அடுத்த பதினெட்டு வருடம் பைன்ஹில்லின் பெருமை முழுவதும் கோழிக்கொட்டகையில் இருந்தது. அறுபத்து மூன்றில் எங்கள் பையன்கள் கூடைப்பந்தில் மாநிலத்தை ஜெயித்து வாங்கிய கோப்பைதான் அதில் பெரியது. ஒரு கருங்கோழிக்கு அதற்குள் முட்டையிடுவதுதான் பிடித்தது. தபால் கொடுக்கப் போகும்போது லியோட்டிஸின் மனைவி அல்மீட்டா என்னிடம் வேலியோரம் நின்று புலம்புவாள்.

"எர்லீன், நீயே சொல்லுடி. முட்டை எடுக்கணும்னா சாம்பியன்ஷிப்புக்குள்ள கையை விட வேண்டியிருக்கு. பெரிய ஊதுகொம்புக்குள்ள ஒரு சேவல் குடித்தனம் நடத்துது. கேட்டா இந்த மனுசன் சரித்திரங்கறான்."

"சரித்திரம்னு நான் எப்பச் சொன்னேன்? சத்தம் போடாதேன்னுதானே சொன்னேன்" என்பார் லியோட்டிஸ் கொட்டகைக்குள்ளிருந்து.

சத்தம் போடக்கூடாதுதான். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஆனால் தெற்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. யாரும் உதவவும் இல்லை. கோயிலின் பின்னறையில் இடம் கேட்டார். கோழி எச்சம் பட்ட சாமானை ஆண்டவர் வீட்டில் வைப்பது எப்படி என்று பாஸ்டர் யோசித்தார். ஆறு வருடமாக யோசித்தார்.

எண்பத்தைந்தில் பைன்ஹில் பழைய மாணவர் சங்கம் அட்லாண்டாவில் பெரிய ஓட்டல் ஒன்றில் விருந்து வைத்தது. படம் எடுத்துக்கொள்ள அறுபத்து மூன்றாம் வருடக் கோப்பை வேண்டும் என்று சங்கத் தலைவர் லியோட்டிஸுக்குப் போன் செய்தார். கோப்பைக்கு அழைப்பு வந்தது. லியோட்டிஸுக்கு வரவில்லை, அவர் பழைய மாணவர் இல்லையே. கோப்பையைத் தேய்த்துக் கழுவி, போர்வையில் சுற்றி, நாலு மணி நேரம் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். சாமான் கொண்டுவருகிறவர்கள் பின்வாசல் வழியாக வர வேண்டும் என்று ஓட்டல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நான் மேல்மாடியில் விருந்து மேசையில் இருந்தேன். இறங்கிப்போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. ஊருக்குத் திரும்பியதும் மனசு கேட்காமல் விசாரித்தேன்.

"அன்னிக்குச் சாப்பிட்டீங்களா?"

"நல்லாச் சாப்பிட்டேன். சமையல்காரன் நம்ம ஊர்க்காரன். ரெண்டு தட்டு குடுத்தான்" என்றார். "மேல இருந்தவங்களுக்கு ஒரு தட்டுதான்னு கேள்விப்பட்டேன்."

எண்பத்தெட்டில் நகரசபை இன்ஸ்பெக்டர் கொட்டகைக்கு வந்தார். கிப் என்று ஒரு வெள்ளைக்கார இளைஞர். யாரோ புகார் எழுதியிருந்தார்கள். எழுதியவர் எங்கள் கோயில் டீக்கன்தான் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அல்மீட்டாவுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தபால் ஒன்று இருந்ததால் நான் கூடவே நின்றேன்.

"இது குடியிருப்புப் பகுதி லியோட்டிஸ். பழைய சாமான் குவிச்சுவைக்க சட்டத்துல இடம் இல்ல" என்றார் கிப்.

"எதுக்கு சார் இடம் இருக்கு?"

கிப் கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டினார். "கோயில். பாலர் பள்ளி. நூலகம். மியூசியம்."

"மியூசியத்துல என்ன சார் இருக்கும்?"

கிப் கொட்டகையைப் பார்த்தார். சேவல் ஊதுகொம்பிலிருந்து தலையை நீட்டி அவரைப் பார்த்தது. "பழைய சாமான்தான்" என்றார்.

"வேற என்ன வேணும்?"

"ஒரு போர்டு. திறந்திருக்கிற நேரம். ஒரு கழிப்பறை. அப்புறம், கோழி கூடாது."

எங்கள் ஊரின் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம் பிறந்தது இப்படித்தான். இப்போது அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தில் 'நீண்டநாள் கனவு' என்று போட்டிருக்கிறோம்.

அல்மீட்டாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவருக்கு அதே தெருவில் மூடிக் கிடந்த சலவைக்கடை ஒன்று இருந்தது. கழிப்பறையும் இருந்தது. துணி மடிக்கிற நீண்ட மேசைகளின் மேல் கோப்பைகள் ஏறின. சலவை எந்திரங்களுக்குத் தண்ணீர் வந்த குழாய்கள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் லியோட்டிஸ் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுச் சட்டைகளைத் தொங்கவிட்டார். என் சட்டையும் அதில் ஒன்று. மூன்றாவது குழாய், காலரில் என் பெயர் தைத்திருக்கும். பலகையில் தன் கையாலேயே மியூசியம் என்று எழுதி வாசலில் மாட்டினார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நடுவில் வரும் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன.

திறந்த முதல் நாள் பத்து மணிக்கு மிஸ் டெல்ஃபின் ரக்கர் வந்தார். தொப்பி, வெள்ளைக் கையுறை, கைப்பையில் சிவப்புப் பென்சில். பைன்ஹில்லில் நாற்பத்து நாலாம் வருடத்து வகுப்பில் முதல் மாணவி. பிறகு அங்கேயே இருபத்திரண்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். எனக்கும்தான். பள்ளிகளை ஒன்றாக்கியபோது கவுண்டி அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. வடக்குப் பள்ளியில் பாடப்புத்தகம் எண்ணிக் கொடுக்கிற அறையில் உட்காரவைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயே எண்ணிக்கொண்டிருந்தார்.

"லியோட்டிஸ், வெளியில தொங்குதே, அது என்ன?" என்றார்.

"போர்டு மிஸ் ரக்கர்."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"மியூசியம்னு."

"இல்ல."

லியோட்டிஸ் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "உள்ள வந்து பாக்கறவங்களுக்குப் புரிஞ்சிரும்" என்றார்.

மிஸ் ரக்கர் மேசைப் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு கோப்பைக்கும் முன்னால் லியோட்டிஸ் அட்டையில் விளக்கம் எழுதி வைத்திருந்தார். மிஸ் ரக்கர் நின்ற நிலையில் பதினேழு அட்டைகளையும் திருத்தினார். சிவப்பு கூடிப்போய் எதையும் படிக்க முடியாததால், மறுநாள் எல்லாவற்றையும் தானே புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மியூசியத்தை விடவே இல்லை. செவ்வாயும் சனியும் வந்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டினார். சரித்திரம் கேட்க வந்தவர்கள் இலக்கணமும் கற்றுக்கொண்டு போனார்கள். லியோட்டிஸ் வாசலோரம் நாற்காலி போட்டு, வேகவைத்த நிலக்கடலையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால் "அம்மாவைக் கேளுங்க, நான் டிரைவர்" என்பார்.

படங்கள் மாட்டிய சுவரில்தான் ஒரு குறை. ஒவ்வொரு வருடத்து வகுப்புக்கும் ஒரு மரச்சட்டம், அதற்குள் நீள்வட்ட நீள்வட்டமாக முகங்கள். நாற்பத்தொன்பதிலிருந்து எழுபது வரை எல்லாம் இருந்தன. முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை பதினெட்டு வகுப்புகள் இல்லை. அந்த இடத்தில் சலவைக்கடையின் பச்சைச் சுவர் மட்டும் இருந்தது.

"கொட்டகையில இன்னும் நல்லாத் தேடிப் பாத்தியா?" என்று மிஸ் ரக்கர் மாதம் ஒருமுறையாவது கேட்பார்.

"அதெல்லாம் போச்சும்மா" என்பார் லியோட்டிஸ். உடனே அவருக்கு மின்விசிறியில் ஏதோ சத்தம் கேட்கும். ஏணியை எடுக்கப் போய்விடுவார். எங்கள் மின்விசிறியைப்போல எண்ணெய் கண்ட மின்விசிறி ஜார்ஜியாவிலேயே இருக்காது.

வெளியூர் போன பழைய மாணவர்கள் வருவார்கள். வெற்றுச் சுவரைப் பார்ப்பார்கள். எங்கேயாவது பெட்டிக்குள் இருக்கும், ஒருநாள் மாட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்படிப் பதினெட்டு வருடம் போனது.

இரண்டாயிரத்து ஆறில் டன்ஸ்பரிக்கு நூற்றைம்பது வயது. நெடுஞ்சாலையில் போகிற கார்களை எப்படியாவது ஊருக்குள் திருப்ப வேண்டும் என்று கவுண்டிக்கு ஆசை. 'பாரம்பரியப் பாதை' ஒன்று போட்டு, ஊரில் பார்க்கத் தகுந்த இடங்களில் வெண்கலப் பட்டயம் பதிக்கத் திட்டமிட்டார்கள். வடக்கே தேடியதில் ஒரு பீரங்கி கிடைத்தது. மற்றதையெல்லாம் இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கியிருந்தார்கள். பாதை என்றால் இரண்டு இடமாவது வேண்டும். தெற்கே எங்கள் சலவைக்கடை இருப்பது அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

கவுண்டி ஆணையக் குழுத் தலைவர் கார்லண்ட் டிஸ்டேல் நேரில் வந்தார். எழுபதில் பைன்ஹில்லை மூடச் சொன்ன கல்வி அதிகாரியின் மகன். நல்ல மனிதர்தான். எல்லோருக்கும் கைகொடுத்தார், சட்டை தொங்கிய குழாய்க்குக்கூடக் கொடுக்கப் போனார். பட்டயத்தில் வரப்போகிற வாசகத்தை ஒரு தாளில் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார். 'பைன்ஹில்லின் வரலாறு அனைத்தையும் தம் தொலைநோக்கால் அழிவிலிருந்து காத்தவர் லியோட்டிஸ் மேப்ரி.'

லியோட்டிஸ் அதை இரண்டு முறை படித்தார். "அனைத்தையும்ங்கறது வேண்டாம் சார்" என்றார்.

"அடக்கம் மிஸ்டர் மேப்ரி, உங்க அடக்கம்!"

"அடக்கம் இல்ல சார். அது சரியில்ல."

"வார்ப்புக்குப் போயிருச்சே. வெண்கலம் பாருங்க. ஒரு வார்த்தைக்காக உருக்க முடியுமா?"

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை விழா. தெருவில் பந்தல், பொரித்த கெளுத்தி மீன், கேக்கு, வடக்குப் பள்ளியின் பேண்டு. முதல் வரிசையில் மிஸ் ரக்கர், புதுத் தொப்பி. டிஸ்டேல் திரையை விலக்கினார். கைதட்டினோம். லியோட்டிஸ் இரண்டு வார்த்தை நன்றி சொல்வார் என்று மைக்கைக் கொடுத்தார்கள். எழுபது வயது, கறுப்புக் கோட்டு. நிலக்கடலை இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இதுல அனைத்தையும்னு எழுதியிருக்கு" என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு ரெண்டு லோடு. எல்லாரும் ஒரு லோடுன்னு நினைக்கறீங்க. ரெண்டு. முதல் லோடை நான் கொட்டிட்டேன்."

பந்தலில் யாரோ சிரித்தார்கள், வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து.

"தாழ்வாரத்துல படமெல்லாம் வருச வாரியா இருந்துச்சு. வாசல் பக்கத்துலேருந்து கழட்டிக்கிட்டு வந்தோம், நானும் லாரியில கூட வேலை செஞ்ச கிளீவும். கிளீவ் இப்ப இல்ல. முப்பத்தொண்ணு, முப்பத்தி ரெண்டு, அப்படியே நாப்பத்தெட்டு வரைக்கும். பதிவேட்டுப் புத்தகமும் அதோடதான். லாரி நிறைஞ்சிருச்சு. கொண்டுபோய்க் கொட்டினேன். கண்ணாடி உடையற சத்தம் கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் தோணல. வெயிலு. சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் வீட்டுக்குப் போலாம். அதான் தோணுச்சு.

"ரெண்டாவது லோடு ஏத்தறப்ப ஐம்பத்தாறாம் வருசத்துச் சட்டம் கைக்கு வந்துச்சு. அதுல என் தங்கச்சி இருந்தா. ஐடெல். எங்க வீட்டுல அவ படம் ஒண்ணுகூடக் கிடையாது, தீயில போச்சு. பன்னண்டு வருசம் கழிச்சு அன்னிக்குத்தான் அவ மூஞ்சியைப் பாத்தேன். அந்தப் படத்தை மட்டும் எடுத்து சீட்டுக்கு அடியில வெச்சேன். அப்புறம் பக்கத்துல இருக்கற மூஞ்சியெல்லாம் பாத்தேன். இதெல்லாம் யாரோட தங்கச்சின்னு நினைச்சேன். வண்டியை வீட்டுக்கு ஓட்டிட்டேன். சாயங்காலம் குப்பைமேட்டுக்கு ஓடினேன். புல்டோசர் தள்ளி முடிச்சிருச்சு.

"தொலைநோக்குன்னு போட்டிருக்காங்க. எனக்கு முன்னாடி இருந்ததே தெரியல. அதைத்தான் சொல்லணும்னு நினைச்சேன்."

மைக்கைக் கீழே வைத்தார். டிஸ்டேல் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார். ஒரே ஒரு ஆள் தட்டிய கை பந்தல் முழுவதும் கேட்டது. மிஸ் ரக்கர் எழுந்தார், கைப்பையை எடுத்தார், யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் மிஸ் ரக்கர் வரவில்லை. லியோட்டிஸ் வழக்கம்போல் திறந்து, வாசலோரம் உட்கார்ந்திருந்தார். யாராவது சுற்றிக்காட்டச் சொன்னால் எழுந்து போய்க் காட்டினார். அவருக்கு எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. இத்தனை வருடம் வாசலில் உட்கார்ந்து அவரும் பாடம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

எனக்கு அது தபால் வேலையில் கடைசி வருடம். மிஸ் ரக்கரின் வீட்டுக்கு மின்சார பில் கொண்டுபோனேன். தபால்பெட்டி அருகிலேயே நின்றிருந்தார்.

"மிஸ் ரக்கர், அவரு வேணும்னு செய்யல."

"வேணும்னு செஞ்சான்னு நான் சொன்னேனா?" என்றார். "எர்லீன், எங்க வகுப்புல பதினோரு பேரு. ரெண்டு பையனுங்க படிப்பு முடிஞ்ச கையோட பட்டாளத்துக்குப் போனானுங்க. திரும்பி வரல. அவனுங்களுக்கு அது ஒண்ணுதான் படம். பதினெட்டு வருசமா நான் அந்தச் சுவத்துக்கு முன்னாடி நின்னு, வெள்ளைக்காரன் குப்பையில போட்டுட்டான் வெள்ளைக்காரன் குப்பையில போட்டுட்டான்னு பாடம் எடுத்திருக்கேன். போட்டவன் எனக்குப் பின்னாடி உக்காந்து கடலை உரிச்சிக்கிட்டு இருந்திருக்கான்."

"போடச் சொன்னது அவங்கதானே?"

"ஆமா. அதுவும்தான்." பில்லைப் பிரித்துப் பார்க்காமலே உள்ளே போனார்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தார். அன்றைக்கு நான் இருந்தேன். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து லியோட்டிஸிடம் நீட்டினார். "படிங்க மிஸ்டர் மேப்ரி."

முதல் முறையாக மிஸ்டர் போட்டார். அது மரியாதையா தண்டனையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. லியோட்டிஸ் கடலைக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, சத்தமாகப் படித்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரை பட்டம் பெற்ற வகுப்புகளின் படங்கள், கவுண்டியின் உத்தரவின் பேரில், லியோட்டிஸ் மேப்ரியால் குப்பைமேட்டில் கொட்டப்பட்டன. ஜூலை, எழுபது."

"ஏதாவது மாத்தணுமா?"

"உத்தரவின் பேரில்ங்கறதை எடுத்துருங்க" என்றார் லியோட்டிஸ். "உத்தரவு ரெண்டு லோடுக்கும்தான் இருந்துச்சு."

மிஸ் ரக்கர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். திரும்பவும் உள்ளே வைத்தார். "எடுக்க மாட்டேன். சொன்னது யாருன்னும் இருக்கட்டும், தூக்கினது யாருன்னும் இருக்கட்டும். கவுண்டியைச் சும்மா விடறதா எனக்கு உத்தேசம் இல்ல" என்றார். பிறகு, "அந்த ஏணியை எடுத்துட்டு வாங்க. மின்விசிறிக்கு இல்ல" என்றார்.

அட்டை பச்சைச் சுவரின் நடுவில் ஏறியது. வெண்கலப் பட்டயம் அதற்கு நேரெதிர்ச் சுவரில் இருக்கிறது. ஒன்று அவர் அனைத்தையும் காத்ததாகச் சொல்கிறது, இன்னொன்று பாதியைக் கொட்டியதாகச் சொல்கிறது. டிஸ்டேல் இரண்டு முறை ஆள் அனுப்பி, அட்டையை எடுக்க முடியுமா என்று கேட்டார். பட்டயத்தை எடுக்க முடியுமா என்று மிஸ் ரக்கர் திருப்பிக் கேட்டார். வெண்கலம் ஆயிற்றே, இருவரும் விட்டுவிட்டார்கள்.

உள்ளூர்ப் பத்திரிகை லியோட்டிஸின் பேச்சை வரி விடாமல் போட்டது. தெற்குப் பக்கத்துத் தாய்மார்கள் அதைக் கத்தரித்து, வடக்கே பெரிய நகரங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் அனுப்பினார்கள். காசு இருந்த சில குடும்பங்கள் அந்தக் காலத்தில் வகுப்புப் படத்தின் பிரதி வாங்கியிருந்தன. அதுவரை அவர்கள் எல்லோரும் மூலப்படம் மியூசியத்தில் பத்திரமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தவர்கள். அது இல்லை என்று தெரிந்ததும் அவரவர் பரணில் ஏறினார்கள். டெட்ராய்டிலிருந்து ஒன்று வந்தது. நுவார்க்கிலிருந்து இரண்டு. சிகாகோவிலிருந்து ஒரு கிழவர் முப்பத்தாறாம் வருடத்து வகுப்பைப் பைபிளுக்குள் வைத்து, பைபிளோடு அனுப்பினார். 'வளைக்காதீர்' என்று எழுதிய உறைகளைச் சுமந்துகொண்டு என் கடைசி ஆறு மாத வேலை முடிந்தது. பதினெட்டில் பதினான்கு திரும்பி வந்துவிட்டன. பெருமையாகப் பேசிய காலத்தில் ஒன்றுகூட வரவில்லை.

நாற்பத்து நாலும் வந்தது, கிளீவ்லாந்திலிருந்து. பட்டாளத்தில் இறந்த பையன்களில் ஒருவனின் தங்கை வைத்திருந்த பிரதி. பத்து முகங்களும் தெளிவாக இருந்தன. மேல்மூலையை மட்டும் பூச்சி தின்றிருந்தது. அந்த மூலையில்தான் முதல் மாணவியின் படம். லியோட்டிஸ் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் என் கையில் கொடுத்தார். நான் மிஸ் ரக்கரிடம் கொடுத்தேன்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்தார். இரண்டு பையன்களின் முகத்தையும் விரலால் தொட்டார். பிறகு மூலையைப் பார்த்தார். பட்டமளிப்புத் தொப்பியின் மேல்பகுதி மட்டும் மிஞ்சியிருந்தது.

"தொப்பி நேரா இருக்கு" என்றார். "அந்த வகுப்புல நேரா வெச்சது நான் ஒருத்திதான்."

அதற்குப் பிறகு எங்கள் தொல்லை வேறு மாதிரி ஆனது. படம் கொடுத்தவர்கள் பழக்கத்தில் மற்றதையும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஊன்றுகோல், மாவரைக்கும் எந்திரம், கதவில்லாத குளிர்பெட்டி. யாரிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது? லியோட்டிஸ் சொன்னார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்.

"இது குப்பை."

"எப்படிச் சொல்றீங்க மிஸ்டர் மேப்ரி? எங்கப்பாவோடது."

"உங்களுக்கு வேண்டாம்னுதானே கொண்டுவந்திருக்கீங்க? போயி, எதைக் குடுக்க மனசு வரலையோ அதைக் கொண்டுவாங்க."

சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். சிலர் நிஜமாகவே திரும்பி வந்தார்கள், வேறு ஏதோ ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. முப்பத்தைந்து வருடம் ஊர்க் குப்பையை அள்ளியவருக்கு எது குப்பை என்று பார்த்தவுடன் தெரிந்தது. எங்களில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், பிப்ரவரியில், தூக்கத்திலேயே போய்விட்டார். கோயில் நிறைந்து வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். ஆறு வருடம் யோசித்த பாஸ்டரின் மகன்தான் பிரசங்கம் செய்தார். லியோட்டிஸ் பைன்ஹில்லின் மிகச்சிறந்த மாணவர்களில் ஒருவர் என்று சொல்லிவிட்டார். முதல் வரிசையிலிருந்து மிஸ் ரக்கர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "இல்ல" என்றார். அல்மீட்டா கைக்குட்டைக்குள் சிரித்தாள்.

இப்போது மியூசியத்தை ஏழு பேர் கொண்ட குழு நடத்துகிறது. நான் தலைவி. ஏழு பேருக்கும் நல்ல மனசு, அதுதான் சங்கடம். தையல் எந்திரம் மட்டும் நாலு சேர்ந்துவிட்டது. ஊதி ஊதி ஓய்ந்த கோயில் ஆர்கன் ஒன்று கழிப்பறைக் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறது. போன மாதம் டீக்கனின் பேரன், தாத்தா நினைவாக என்று உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை இறக்கிவிட்டுப் போனான். அதைக் குப்பைக்கு அனுப்பலாமா என்று வாக்கெடுப்பு வைத்தோம். மூன்றுக்கு நாலு என்று தோற்றது. ஐம்பத்திரண்டாம் வருடத்து வகுப்புக்குக் கீழே சைக்கிள் நிற்கிறது. அதற்கு அட்டை எழுத முடியாது என்று மிஸ் ரக்கர் மறுத்துவிட்டார்.